வெஸ்ட் மினிஸ்டர் கட்டிய கோயில்

பலேர்மோவில் சீசாப் பகுதியிலிருந்து வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்கு நடக்க அரை மணித்தியாலம் போதும். அன்றைக்கு எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தோளில் ஒரு பை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்த, இன்னும் ஈரம் காயாத இரண்டு சேட்டு. ஒவ்வொரு தெருமுனையிலும் பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பாரத்தினால் அல்ல. பின்னால் யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்க. கூப்பிடக்கூடியவர் ஒருவர்தான். அவர் அந்த நேரம் மண்டபத்துக் குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஷட்டரைத் தூக்கிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அந்த ஷட்டர் சத்தம் மூன்றாம் மாடிக்கும் கேட்கும்.

நான் பல இடங்களை விட்டு நடந்தவன். எட்டாம் வகுப்பை நடுவில் விட்டேன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடை, நாப்போலியில் பெட்டி தூக்குகிற வேலை, கத்தானியாவில் மீன் சந்தை, எல்லாவற்றையும் ஒரு பையோடு விட்டிருக்கிறேன். திரும்ப நினைத்ததில்லை. அந்த மண்டபத்தை மட்டும் நினைக்கிறேன். மண்டபத்தை அல்ல, அதை நடத்தியவரை.

மண்டபம் என்றவுடன் பெரிதாக நினைக்கக் கூடாது. மாடி வீடுகளுக்குக் கீழே, முன்பு தளபாடம் அடுக்கி வைத்திருந்த ஒரு நீளக் கூடம். முன்னால் இரும்பு ஷட்டர், பின்னால் குசினி, குசினிக்குப் பக்கத்தில் நான் படுக்கும் அறை. இருநூறு கதிரை நெருக்கிப் போடலாம். பலேர்மோவில் இருந்த எங்கள் சனம் கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாவற்றையும் அங்கேதான் செய்தது. நடத்தியவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்கவில்லை. மண்டபத்தக்கா. அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான உருவம், பெரிய கை, மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். நான் கூட்டிக் கழுவி, கதிரை அடுக்கி, மணவறை கட்டிக் கொடுத்தேன். அவர் எனக்குப் படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்.

அதற்கு முன் அவர் பதினாறு வருடம் ஒரு கிழட்டு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி வேலை செய்தவர். சிஞ்ஞோராவுக்குக் கால் நடக்காது. அந்த அம்மாவின் ஒரே பைத்தியம் இங்கிலாந்து அரச குடும்பம். லண்டனில் ஓர் இளவரசருக்குக் கலியாணம் என்றால் பலேர்மோவில் அந்த வீட்டில் காலையிலேயே கேக் வெட்டுவார்கள். செத்தவீடு என்றால் யன்னல் திரையை மூடிவிட்டு இரண்டு பேரும் கறுப்பு உடுத்தி டிவிக்கு முன்னால் இருப்பார்கள். சிஞ்ஞோரா இறந்த பிறகு மகன் தன்னிடம் சும்மா கிடந்த கூடத்தைக் குறைந்த வாடகைக்கு அக்காவிடம் கொடுத்தான். கூடத்தோடு அந்த ராச குடும்பத்துப் பைத்தியமும் அக்காவிடம் வந்து சேர்ந்தது.

யாருக்கு எந்தக் கோயிலில் தாலி, யாருடைய சவப்பெட்டி எந்தக் கோயிலிலிருந்து போனது என்பதெல்லாம் அவருக்கு நுனிநாக்கில் இருந்தது. எல்லாவற்றிலும் பெரிது லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்கிற தேவாலயம்; இத்தாலி டிவியில் கேட்டுப் பழகியதால் அவருக்கு அபே என்று சொல்ல வராது. அபாத்சியா என்பார். வெஸ்ட்மின்ஸ்டரை இரண்டாக உடைத்துச் சொல்வார்.

"அதென்னக்கா வெஸ்ட்மின்ஸ்டர்? அங்கை என்ன சாமி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமியில்லையடா. மினிஸ்டர். மேற்குப் பக்கத்து மினிஸ்டர் ஆரோ கட்டின கோயில். பேரைக் கேட்டால் விளங்கேல்லையே? வெஸ்ட் மினிஸ்டர்."

"மினிஸ்டர் கட்டினது ஆயிரம் வருசம் நிக்குமோ?"

"எங்கட மினிஸ்டர் கட்டினதெண்டு நான் சொன்னனானே? அவையின்ர மினிஸ்டர்."

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற ஒரு பெட்டை, "ஆன்ரி, அது மினிஸ்டர் இல்லை, மின்ஸ்டர். பெரிய சேர்ச்சுக்குப் பழைய பேர்" என்று திருத்தினாள். அக்கா அவளுடைய தலையைத் தடவி, "நீ நல்லாப் படி மோனை" என்றார். அதற்குப் பிறகும் மினிஸ்டர்தான்.

அவருக்கு அந்தக் கோயிலில் பிடித்தது ஒரே விசயம். கலியாணமும் அங்கே, செத்தவீடும் அங்கே, முடி சூட்டுகிறதும் அங்கே. எங்கள் ஊரில் கோயில் வீதியில் ஒரு சாவு விழுந்தால், பிரேதம் எடுக்கும்வரை கோயில் கதவைத் திறக்க மாட்டார்கள். சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரர் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார்கள். அங்கே பெட்டியை உள்ளே கொண்டுபோய் நடுவில் வைக்கிறார்கள் என்பதை முதல் தடவை டிவியில் பார்த்தபோது தனக்கு நெஞ்சு இடித்தது என்று சொன்னார். "சிஞ்ஞோரா அழுறா. நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறன். மின்னல் விழப்போகுது எண்டு பாத்தன். ஒண்டும் விழேல்லை. பாட்டுத்தான் படிச்சவை."

இதிலிருந்து அவர் தனக்கென்று ஒரு சாத்திரமே உண்டாக்கி வைத்திருந்தார். எங்கே கட்டினாயோ அங்கேயிருந்துதான் போகவேண்டும். கார் மோதிச் செத்த அந்த இளவரசிக்குக் கலியாணம் சென் போல்ஸ் கோயிலில், கடைசி ஊர்வலம் அபாத்சியாவில். அதனால்தான் அவளுடைய வாழ்க்கை பிழையாய்ப் போனது. "மகாராணியின்ர புருசன் அபாத்சியாவிலை கட்டிப்போட்டு வின்ட்சரிலையிருந்தெல்லே போனவர்?" என்று யாராவது மடக்கினால், "அது கொரோனா. கொரோனாவைச் சேர்க்கக் கூடாது" என்று முடித்துவிடுவார்.

இதெல்லாம் சிரிப்புக்குரிய கதை. ஆனால் அவர் தன் காரியங்களிலும் அப்படித்தான் இருந்தார், அதில்தான் சனத்துக்குக் கொஞ்சம் பயம். அவரிடம் நல்ல சேலை ஒன்று இருந்தது, நீலம், ஒடுக்கமான கரை. கலியாணத்துக்கும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான். "அக்கா, உது போன கிழமை செத்தவீட்டுக்குக் கட்டினதெல்லே?" என்று ஒரு பெண் முகத்தைச் சுழித்தாள். "ஓம். தோய்ச்சனான்" என்றார்.

செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது எங்களில் ஒருவரும் "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. அப்படியே எழும்பிப் போய்விடுவோம். திரும்பி வருகிறேன் என்று ஒரு சாவு வீட்டில் சொல்லலாமா? அக்கா சொல்வார். பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண்சாதியின் தோளில் கையை வைத்து, கலியாண வீட்டில் சொல்லுகிற அதே குரலில், "அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை" என்பார். சுற்றியிருக்கிறவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகாத இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், அக்கா ஒரு சட்டி கறியோடு போய் நிற்பார். சொன்னபடி வந்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

தன்னுடைய கலியாணத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார், அதையும் பகிடியாக. சண்டைக்கு இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ஐந்தாம் வகுப்பு அறையில் தாலி கட்டினார்களாம். ஆறாம் வகுப்பு அறையில் ஒரு கிழவரின் பிரேதம். "என்ர கலியாணத்துக்கு அழுறதுக்கு ஆக்கள் முதலே வந்து நிண்டவை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். புருசன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மகாராணியின் செத்தவீட்டை மண்டபத்தில் பெரிய டிவி வைத்துக் காட்டினார். திங்கட்கிழமை மத்தியானம். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இடைவேளையில் வந்து குந்தியிருந்தார்கள். ஸ்காலா அண்ணையும் வந்திருந்தார். ஸ்காலா என்றால் மாடிப்படி. நகரத்தில் முப்பது நாற்பது கட்டடங்களின் படிகளைக் கழுவுகிற கொந்தராத்து அவரிடம் இருந்தது, அதனால் அந்தப் பெயர். நல்ல மனுசன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுத்து, அதைக் கொண்டு அவர்களுடைய பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட உதவியவர். என்னுடைய தங்கும் அனுமதியும் முடிகிற நிலையில் இருந்தது. எனக்கும் ஒரு கொந்த்ராத்தோ எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வேலைக் கடதாசி இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் என்னுடைய பத்திரங்களைக் கையாலும் தொடமாட்டார்கள்.

பெட்டியை உள்ளே கொண்டு போனபோது ஸ்காலா அண்ணை, "சீ, கோயிலுக்கை பிணத்தைக் கொண்டு போறாங்கள்" என்றார்.

"அதே வாசலாலைதான் அவ பொம்பிளையா உள்ளுக்குப் போனவ. எழுபத்தைஞ்சு வருசம்" என்றார் அக்கா.

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்டுமில்லை. வாசல் ஒண்டுதான் எண்டு சொல்லுறன்."

"இண்டைக்கு உதிலையோ புதைக்கிறது?"

"இல்லை. இஞ்சை பூசை மட்டும். பின்னேரம் வின்ட்சருக்குக் கொண்டுபோய் அங்கை ஒரு சின்னக் கோயிலிலை, புருசனுக்குப் பக்கத்திலை."

"உமக்கு அந்தக் கோயிலிலை ஐயர் வேலை எடுத்துத் தரவேணும்" என்றார் ஸ்காலா அண்ணை. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அதற்கு ஆறு கிழமைக்குப் பிறகு ஸ்காலா அண்ணையின் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மண்டபத்தில். மாப்பிள்ளை பகுதி சுவிசிலிருந்து வருகிறது. அந்தப் பிள்ளைக்கு முதல் பேசிய கலியாணம் நிச்சயம் முடிந்து குழம்பிப்போனது. அதனால் இந்தத் தடவை அண்ணை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்தார். நாளையும் இரண்டு சாத்திரியாரிடம் கேட்டுத்தான் வைத்தார்.

அந்தக் கிழமை திங்கட்கிழமை வன்னிப் பெடியன்கள் நாலு பேர் அக்காவிடம் வந்தார்கள். அவர்களோடு ஒரே அறையில் இருந்தவன் இறந்துபோனான். முல்லைத்தீவுப் பக்கம், முப்பத்திரண்டு வயது, பிரான்காச்சோவில் ஒரு பட்டறையில் இரும்புக் கதவுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. காய்ச்சல் என்று படுத்தவன், ஆஸ்பத்திரிக்குப் போய் நாலாம் நாள் முடிந்துவிட்டான். சொந்தம் என்று இங்கே யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெட்டியை மூடித் தருவார்கள், வான்காரன் நேரே எரிக்கிற இடத்துக்குக் கொண்டு போவான். இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவர வீட்டுக்காரன் விடவில்லை.

"ஒரு மணித்தியாலம் போதும் அக்கா. ஒரு தேவாரம் படிச்சு, வாய்க்கரிசி போட்டு, தாய்க்கு வீடியோவிலை காட்டிப்போட்டு எடுத்துக்கொண்டு போயிடுவம். தாய் தெருவிலை வைச்சு அனுப்பிப்போடாதேங்கோ எண்டு அழுறா."

"நாளைக்குக் கொண்டு வாங்கோ" என்றார் அக்கா.

அவர்கள் போனபிறகு நான், "அக்கா, ஞாயிற்றுக்கிழமை கலியாணம்" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"ஒருதருக்குத் தெரிஞ்சாலும் இந்த மண்டபத்திலை இனி ஒருதரும் தாலி கட்டான். உங்கட சோறு இது."

"செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் இடையிலை நாலு நாள் கிடக்கு. கழுவினால் காயும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கறுப்பு வான் வந்தது. பெட்டியை எங்கே வைப்பது என்று பெடியன்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா மணவறை வைக்கிற இடத்தைக் காட்டினார். அங்கேதான் லைற் நல்லது, தாய்க்கு வடிவாகத் தெரியும் என்றார். பின் சுவரில் கலியாணத்துக்குத் தொங்கவிட்ட பொன்நிறத் திரை இருந்தது. அதை அவிழ்க்க நேரம் இல்லை. தலைமாட்டில் விளக்கு வைக்கவேண்டும். "அலுமாரியிலை பெரிய குத்துவிளக்கு கிடக்கு, எடுத்துக்கொண்டு வா" என்று என்னிடம் சொன்னார். மண்டபத்துக் கலியாணங்களுக்கெல்லாம் ஏற்றுகிற விளக்கு. நான் அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஒருவன் தேவாரம் படித்தான். பாதியில் மறந்துபோய்த் திரும்பத் தொடங்கினான். பெட்டி மூடியிருந்ததால் வாய்க்கரிசியை மூடியின் மேலே போட்டோம். அது வழுக்கி நிலத்தில் சிந்தியது. தாய் போனுக்குள் இருந்தார், தலைமயிர் கலைந்த, பல் இல்லாத ஒரு முகம். அழுது முடித்திருந்தார். "மண்டபம் வடிவாக் கிடக்கு" என்றார். "நல்ல இடத்திலைதான் பிள்ளையை வைச்சிருக்கிறியள்."

வான்காரன் மணிக்கூட்டைக் காட்டினான். பெட்டியைத் தூக்கினார்கள். அக்கா பெட்டியின் ஓரத்தில் கையை வைத்து, "போட்டு வா தம்பி" என்றார். செத்தவனுக்கு. தேவாரம் படித்தவன் அப்போதுதான் குரல்விட்டு அழுதான்.

பின்னேரம் முழுவதும் இரண்டு பேரும் நிலம் கழுவினோம். முதலில் மஞ்சள் தண்ணீர், பிறகு வரிக்கீனா, மூக்கைப் பிடுங்குகிற வெளிறல் தண்ணீர். விளக்கைப் புளி போட்டு அவரே மினுக்கினார். மினுக்கும்போது, "அபாத்சியா வாசலடியிலை ஒரு ஆமிக்காரனைப் புதைச்சிருக்கு, தெரியுமே?" என்றார். "பேர் ஒருதருக்கும் தெரியாது. எந்தச் சண்டையிலையோ செத்தவன். ராச வீட்டுப் பொம்பிளையள் கலியாணம் கட்டினால் கைப்பூவைக் கடைசியிலை அவனுக்குத்தான் அனுப்பிறவை. அவனை மட்டும் ஒருதரும் மிதிக்கிறேல்லை. ராசாவும் சுத்தித்தான் போகவேணும்."

நான் வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றினேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் யோசனை.

வியாழக்கிழமை காலை அக்கா சந்தைக்குப் போன நேரம் ஸ்காலா அண்ணை வந்தார், மணவறையின் அகலத்தை அளந்து பார்க்க. உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னடாப்பா, ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?"

"கலியாணத்துக்குக் கழுவினனாங்கள் அண்ணை."

அவர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். கோபம் இல்லை. வெருண்டுபோன முகம். "செவ்வாய்க்கிழமை உதிலை ஒரு கறுப்பு வான் நிண்டதாம். மேல்வீட்டுச் சிஞ்ஞோரா என்ர மனுசிக்குச் சொல்லியிருக்கிறா. நான் நம்பேல்லை. நீ சொல்லு தம்பி. உன்னை நான் என்ர தம்பி மாதிரிப் பாக்கிறன். திங்கட்கிழமை உன்ர கொந்த்ராத்தோவும் எழுதப்போறன். என்ர பிள்ளையின்ர வாழ்க்கை இது. பொய் சொல்லிப்போடாதை."

பூ இறக்க வந்த வான் என்று சொல்லியிருக்கலாம். வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. நான் உள்ளதைச் சொன்னேன். ஆர் செத்தது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் வைத்தது, எல்லாம். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. குத்துவிளக்கைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். "கலியாண விளக்கைத்தான் அக்கா ஏத்தினவ" என்றேன். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது நான் என்று சொல்லவில்லை. கடதாசிக்காகச் சொன்னேனா, பயத்தில் சொன்னேனா, அல்லது எனக்கே அந்த விளக்கு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூன்றும் இருக்கும்.

அக்கா மரக்கறிப் பைகளோடு உள்ளே வந்தபோது அண்ணை எழும்பி நின்றார்.

"மணவறை வைக்கிற இடத்திலை பிரேதம் வைச்சனீங்களோ?"

அக்கா பைகளைக் கீழே வைத்தார். "ஓம்."

"கலியாண விளக்கை ஏத்தினனீங்களோ?"

"ஓம்."

அண்ணை மணவறை வைக்கிற இடத்தை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். அக்கா இல்லை என்று சொல்வார், மன்னிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். "என்ர பிள்ளைக்கு ஒருக்கால் குழம்பினது உங்களுக்குத் தெரியும். சுவிசிலையிருந்து வாற சனம் கேள்விப்பட்டால் பஸ்ஸிலையிருந்தே இறங்காது. உங்களுக்கு என்ன விசரோ?"

"அண்ணை, மகாராணி கட்டினதும் போனதும் ஒரே..."

"அவை வெள்ளைக்காரர்! அவைக்குத் துடக்கில்லை. எங்களுக்கு இருக்கு."

"அந்தப் பெடியனுக்கு ஆர் இருந்தது?"

"அதுக்கு என்ர பிள்ளையின்ர மணவறையோ கிடைச்சது?"

அக்கா குனிந்து, கீழே வைத்த பைகளைத் தூக்கினார். அண்ணை கேட்டது பிழையான கேள்வி அல்ல. அண்ணை வெளியே போய்த் தெருவில் நின்று போன் எடுக்கத் தொடங்கினார். பின்னேரத்துக்குள் அடுத்த மாதச் சாமத்தியவீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஒரு பிறந்தநாள். பிறகு இன்னொரு கலியாணம். அக்கா ஒவ்வொரு தடவையும் "சரி பிள்ளை, சரி" என்று மட்டும் சொல்லிக் கலண்டரில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு வெட்டினார். என்னைப் பார்க்கவில்லை. சாப்பாடு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டார். நான் சாப்பிடக் குந்திய பிறகுதான் கேட்டார்.

"விளக்கையும் நீயே சொன்னனி?"

"ஓம் அக்கா."

"சரி. சாப்பிடு."

அவர் ஏசியிருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். ஏச்சு வாங்கி நிற்க எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலை பையை எடுத்தேன். குசினி வாசல்வரைக்கும் போனேன். "போட்டு வாறன்" என்று சொல்ல வாய் வரவில்லை. செத்தவீட்டிலிருந்து போகிறவன் மாதிரி ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டேன்.

பிறகு நான் போலோஞ்ஞாவுக்குப் போனேன், அங்கிருந்து வேறு ஊர்களுக்கு. பலேர்மோவிலிருந்து வந்த ஒருவனைச் சந்தித்தபோது விசாரித்தேன். அந்தக் கூடத்தில் இப்போது டயர் கடையாம். அக்கா திரும்பவும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலையாம். முல்லைத்தீவுத் தாயோடு ஒவ்வொரு கிழமையும் போனில் கதைக்கிறார் என்று அவன் சொன்னான். அக்காவின் நம்பர் தரட்டுமா என்று கேட்டான். பிறகு வாங்குகிறேன் என்றேன். வாங்கவில்லை.

மண்டபத்தை விட்டு வந்த அந்த வெள்ளிக்கிழமை வியா மக்வேதாவில் ஒரு கடை வாசலில் குந்தியிருந்தபோது ஸ்காலா அண்ணை போன் எடுத்தார். வேறு மண்டபம் கிடைத்துவிட்டது, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வா, வேலை இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை காலை போனேன். மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் பழைய சேர்ச் ஒன்று. பூசை நின்று பல வருடமாம். இப்போது பாட்டுக் கச்சேரிக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். உயரமான கூரை, வடிவான இடம். அண்ணைக்கு முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "பாத்தியே, அதைவிட இது எவ்வளவு திறம்" என்றார். என் வேலை நிலத்தைக் கூட்டிச் சிவப்புக் கம்பளம் விரித்து, கதிரை போடுவது.

கூட்டத் தொடங்கியபோதுதான் நிலத்துக் கற்களில் எழுத்துத் தெரிந்தது. வாசலிலிருந்து நடு வரைக்கும் நீள நீளமான கற்கள், ஆள் அளவில். சிலதில் எழுத்துத் தேய்ந்துபோயிருந்தது. ஒன்றில் மண்டையோடும் குறுக்காக இரண்டு எலும்பும் செதுக்கியிருந்தது. நான் விளக்குமாற்றை நிறுத்தினேன். அண்ணை கிட்ட வந்து குனிந்து பார்த்தார். கதவுத் திறப்பைக் கொண்டுவந்த இத்தாலியக் கிழவன், கீழே புதைத்தவர்கள் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள், எல்லாரும் பெரிய குடும்பத்து ஆட்கள் என்று பெருமையாகச் சொன்னான். அண்ணைக்கு இத்தாலியப் பாஷை என்னைவிட நல்லாத் தெரியும்.

அவர் அப்படியே குனிந்தபடி நின்றார். வெளியே பூக்காரன் வந்து ஹோர்ன் அடித்தான். சுவிசிலிருந்து பஸ் முதல் நாளே வெளிக்கிட்டுவிட்டது.

"விரி" என்றார்.

விரித்தேன்.

"இன்னொரு மடிப்பும் போடு. தடிப்பா."

போட்டேன். இரட்டையாக மடித்ததால் கம்பளம் வாசல் பக்கம் ஒரு கல்லை மூடப் போதாமல் போய்விட்டது. அந்தக் கல்லில் ஒரு பெயர் இன்னும் நன்றாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. அண்ணை என் முகத்தைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடுகிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. "தம்பி, இதை ஒருதருக்கும் கதையாதை."

"கதைக்க மாட்டன் அண்ணை."

பன்னீர்ச் செம்பும் சந்தனமும் வைக்கிற வரவேற்பு மேசையை இழுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லின் மேல் வைத்தேன். கால் ஆடியது. கடதாசி மடித்து ஒரு காலுக்குக் கீழே கொடுத்து நேராக்கினேன். பிறகு கதிரைகளை இறக்கத் தொடங்கினேன்.